சீசன் தொடக்கத்தில் தடுமாறும் பிட்சர்: பந்தயக்காரரின் கணக்கு எங்கே தவறுகிறது?

2008ஆம் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் முதன்மைப் பிட்சர் (பந்து வீசுபவர்) சி.சி. சபாத்தியாவின் பெயருக்கு நேரே 13.50 என்ற எண் இருந்தது. நான்கு ஆட்டங்களில் 18 இன்னிங்ஸ் வீசி 27 ஓட்டங்களைக் கொடுத்திருந்தார். மூன்று தோல்விகள், ஒரு வெற்றிகூட இல்லை. முந்தைய ஆண்டுதான் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கியவர் அவர். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. அணி நீட்டித்துத் தர முன்வந்த ஒப்பந்தத்தையும் ஏற்காமல் விட்டிருந்தார். பணத்தைப் பற்றிய யோசனையில் கவனம் சிதறிவிட்டது என்றார்கள் சிலர். முந்தைய ஆண்டு அளவுக்கு மீறி வீசியதில் கை ஓய்ந்துவிட்டது என்றார்கள் வேறு சிலர்.

தமிழ் வாசகருக்கு அந்த எண்ணைச் சற்று விளக்க வேண்டும். பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு என்று கணக்கிட்டால் வருவது இ.ஆர்.ஏ. என்னும் சராசரி. 3-க்குக் கீழே இருந்தால் மிகச் சிறப்பு. 4-ஐ ஒட்டி இருந்தால் நடுத்தரம். 5-ஐத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து. 13.50 என்பது எந்தப் பிட்சரையும் அணியில் நீடிக்க விடாத எண். ஒருநாள் கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளருக்கு அணியின் ஓவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். பேஸ்பாலிலோ ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருவரே பாதிக்கும் மேற்பட்ட இன்னிங்ஸை வீசிவிடுவார். அதன்பின் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் அவருடைய முறை வரும். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அவர் தொடங்குவது 30 முதல் 33 ஆட்டங்கள். அதனால்தான் அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விலை நிர்ணயிக்கும்போது முதலில் பார்ப்பது அன்று தொடங்கப்போகும் பிட்சரின் பெயரை. அறிவித்த பிட்சர் வராவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் பந்தய வகைகூட உண்டு.

ஏப்ரலில் ஒரு பெரிய பிட்சர் தடுமாறும்போது பந்தயக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். ஆள் முடிந்துவிட்டார் என்று அவருக்கு எதிராகக் கட்டுகிறவர்கள் ஒரு வகை. இனி எழுந்தே தீருவார், இப்போது விலை மலிவு என்று அவர் மீதே கட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் நான்கு ஆட்டங்களிலிருந்து எதையோ தெரிந்துகொண்டதாக நம்புகின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை ஆராய, சபாத்தியாவின் அந்த ஆண்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அடுத்து நடந்ததைப் பார்ப்போம். ஜூலை தொடக்கத்தில் கிளீவ்லாந்து அவரை மில்வாக்கி அணிக்குக் கைமாற்றியது. அங்கே 17 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.65. அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக, செப்டம்பர் இறுதியில் வழக்கமான ஓய்வைக் குறைத்துக்கொண்டு மூன்று முறை வீசினார். 1982-க்குப் பிறகு மில்வாக்கி அந்தச் சுற்றை எட்டியது அப்போதுதான். ஆண்டு முடிவில் இரு அணிகளுக்கும் சேர்த்து அவர் வீசியது 253 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.70. முதல் நான்கு ஆட்டங்களை மட்டும் கழித்துவிட்டால் மீதி 235 இன்னிங்ஸில் 49 ஓட்டங்கள், அதாவது 1.88. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடியதா? ஓரளவுக்குத் தெரியும் என்கிறது புள்ளியியல். பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1970களில் இதே போன்ற கேள்வியை மட்டையாளர்களை வைத்து ஆராய்ந்தார்கள். 1970 சீசனில் 18 ஆட்டக்காரர்களின் முதல் 45 வாய்ப்புகளை எடுத்துக்கொண்டு, அந்தச் சிறிய கணக்கிலிருந்து மீதி சீசனை ஊகிக்க முயன்றார்கள். ஒவ்வொருவரின் தொடக்கச் சராசரியையும் அப்படியே நம்பினால் பிழை பெரிதாக இருந்தது. எல்லாரையும் குழுவின் பொதுச் சராசரியை நோக்கி நெருக்கமாக இழுத்துவிட்டால், மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மோசமாகத் தொடங்கியவர் மேலே ஏறுவார், மிகச் சிறப்பாகத் தொடங்கியவர் கீழே இறங்குவார். இருவருடைய தொடக்கத்திலும் பெரும் பகுதி தற்செயல்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது ராபர்டோ கிளெமென்டேயின் கணக்கு. அவர் 45 வாய்ப்புகளில் 18 முறை அடித்து .400 என்று தொடங்கினார். குழுச் சராசரியை நோக்கி இழுத்த கணக்கு அவரை .300-க்கும் கீழே வைத்தது. மீதி சீசனில் அவர் அடித்ததோ .346. அதற்கு முன்பே நான்கு முறை தன் லீகின் சிறந்த மட்டையாளராக வந்தவர் அவர். யாரென்றே தெரியாத ஒருவரைப் பொதுச் சராசரிக்கு இழுப்பது நியாயம். நீண்ட வரலாறு உள்ளவரை அவருடைய சொந்த வரலாற்றை நோக்கித்தான் இழுக்க வேண்டும். சபாத்தியாவுக்கு இதைச் செய்து பார்க்கலாம். 2007இல் அவர் 241 இன்னிங்ஸ் வீசி 86 ஓட்டங்கள் கொடுத்தார். அதனுடன் 2008இன் 18 இன்னிங்ஸையும் 27 ஓட்டங்களையும் சலுகை எதுவும் தராமல் கூட்டினால் வருவது 3.93. மோசமான நான்கு ஆட்டங்களையும் முழுமையாகக் கணக்கில் சேர்த்த பிறகும் அவர் நடுத்தரத்துக்குக் கீழே போகவில்லை.

இத்துடன் விஷயம் முடிந்தது, பழைய வரலாற்றை நம்பினால் போதும் என்று யாராவது நினைத்தால், அதே அணியில் அதே ஏப்ரலில் வீசிக்கொண்டிருந்த கிளிஃப் லீயைப் பார்க்க வேண்டும். 2007இல் லீயின் இ.ஆர்.ஏ. 6.29. சீசனின் நடுவே அவரைக் கீழ்நிலை ஆட்டங்களுக்கான மைனர் லீகுக்கே அனுப்பிவிட்டார்கள். 2008 ஏப்ரலில் அவர் ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் வென்றார், இ.ஆர்.ஏ. 0.96. சபாத்தியாவுக்குச் செய்த கூட்டலை இவருக்கும் செய்தால் 4.80 வரும். இந்தத் தொடக்கம் தற்செயல், சீக்கிரமே சரிவார் என்று அந்தக் கணக்கு சொல்லியிருக்கும். அவரோ 22 வெற்றி, 3 தோல்வி, 2.54 என்று ஆண்டை முடித்து, முந்தைய ஆண்டு சபாத்தியா வாங்கிய அதே சை யங் விருதை வாங்கினார். 0.96-இலிருந்து 2.54-க்கு இறங்கியது உண்மைதான். ஆனால் பழைய ஆளாக அவர் திரும்பவில்லை. ஒரே மைதானத்தில், ஒரே மாதத்தில், ஒருவருடைய தொடக்கம் பொய்த்தது, இன்னொருவருடையது நிலைத்தது. கணக்கு முறை ஒன்றுதான். ஒருவரிடம் சரியாக வந்தது, மற்றவரிடம் தவறியது.

லீயிடம் எதைப் பார்த்திருக்க வேண்டும்? அந்த ஏப்ரலில் சுமார் 38 இன்னிங்ஸில் அவர் கொடுத்த ‘வாக்’ இரண்டே இரண்டு. நான்கு தவறான பந்துகளை வீசி மட்டையாளரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்புவதுதான் வாக். 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் முன்வைத்த கருத்து பேஸ்பால் ஆய்வையே திருப்பிப்போட்டது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அவுட்டாக முடியுமா, ஓட்டத்துக்கு வழிவிடுமா என்பதில் பிட்சருக்கு இருக்கும் பிடி மிகக் குறைவு. களத்தடுப்பும் அதிர்ஷ்டமும்தான் அங்கே பெரிதும் வேலை செய்கின்றன என்றார் அவர். பிட்சரின் கைக்குள் உண்மையாக இருப்பவை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே மட்டையாளரை வெளியேற்றுவது), வாக், ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) ஆகிய மூன்றும். இவற்றிலும் எல்லாம் ஒரே வேகத்தில் தெளிவதில்லை. ரஸ்ஸல் கார்ல்டன் போன்றோரின் ஆய்வுகளின்படி ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறத்தாழ 70 மட்டையாளர்களைச் சந்தித்த பிறகே பொருள் தரத் தொடங்கும். வாக் விகிதத்துக்கு 170 பேர் வேண்டும். மைதானத்துக்குள் விழுந்த பந்துகளின் கணக்குக்கோ ஏறத்தாழ 2,000 பந்துகள் தேவை. அதற்குச் சில சீசன்கள் ஆகும். இ.ஆர்.ஏ. இந்தத் தெளிவில்லாத பகுதியையும் உள்ளடக்கியது. நான்கு ஆட்டங்களின் இ.ஆர்.ஏ.வை வைத்து முடிவெடுப்பவர் தன் பணத்தைப் பெரும்பாலும் தற்செயலின் மீதே கட்டுகிறார்.

இந்த ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனாலும் இவற்றைச் சாவியாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. சபாத்தியாவே அதற்குக் காரணம். 2007இல் 241 இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக் மொத்தம் 37. 2008இன் முதல் 18 இன்னிங்ஸிலேயே 14. ஸ்ட்ரைக் அவுட்டும் 14தான். பிட்சரின் கைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் எண்களே கெட்டுப்போயிருந்தன. இ.ஆர்.ஏ.வை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்க்கத் தெரிந்த தேர்ந்த ஆய்வாளரும் அன்று, ஏதோ பெரிதாகக் கோளாறு என்றுதான் சொல்லியிருப்பார். அப்போது சபாத்தியா சந்தித்திருந்த மட்டையாளர்கள் சுமார் 100 பேர். நல்ல எண்களும் சிறிய அளவில் பொய் சொல்லும்.

பருவநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளீவ்லாந்தில் ஏப்ரல் என்பது பனிக்காலத்தின் வால். 2007 ஏப்ரலில் அங்கே பனி கொட்டியதால் ஆட்டங்களைக் கூரையுள்ள மில்வாக்கி மைதானத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. குளிர்ந்த காற்றில் அடித்த பந்து சற்றுக் குறைந்த தூரமே பறக்கும். பிட்சருக்கு அது உதவி. விரல்கள் மரத்துப் பந்தின் மீதான பிடி நழுவும், அது கேடு. வெயில் காலத்தைவிட ஏப்ரலில் பிட்சர்களின் வேகமும் பொதுவாகச் சற்றுக் குறைவு. ஏப்ரல் வேகத்தைப் போன ஆண்டின் ஜூலையோடு ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் ஏராளம். பழைய ஏப்ரல்களோடு ஒப்பிடுவதே முறை.

வேகம் உண்மையிலேயே போய்விட்டால் நிலைமை வேறு. சான் பிரான்சிஸ்கோவின் டிம் லின்ஸ்கம் 2008, 2009 என இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து சை யங் விருது வாங்கியவர். ஒல்லியான உடலை வில்லாக வளைத்து வீசும் அவருடைய சராசரி வேகம் 2008இல் மணிக்கு 94 மைல். 2012இல் அது 90 மைலை ஒட்டி வந்துவிட்டது. 2012 ஏப்ரலிலேயே அடி வாங்கத் தொடங்கினார். ஆண்டு முடிவில் 10 வெற்றி, 15 தோல்வி, இ.ஆர்.ஏ. 5.18. ஸ்ட்ரைக் அவுட் மட்டும் 186 இன்னிங்ஸில் 190 என்று வலுவாகவே இருந்தது. ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் மூன்றை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, அவர் உண்மையில் 4.18 பிட்சர், மீதி துரதிர்ஷ்டம் என்றது. அதை நம்பியவர்கள் அடுத்த ஆண்டு பழைய லின்ஸ்கம் வருவார் என்று காத்திருந்தார்கள். 2013இல் 4.37, 2014இல் 4.74. இரண்டு ஆண்டுகளிலும் ஒரு ஹிட்கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளமேறுவது) கொடுக்காமல் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை முழுமையாக வீசி முடித்தார். அந்த இரு ஆட்டங்களும் அவருடைய சரிவை நிறுத்தவில்லை. 2016இல் 9.16 என்ற எண்ணோடு அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது: தடுமாற்றத்தின் காரணம் உடலில் இருந்தால் அது வேகத்தில் தெரியும், வேகம் நான்கு ஆட்டங்களில் ஓரளவுக்கு நம்பத் தகுந்த செய்தி. மற்ற எல்லாவற்றுக்கும் காலம் வேண்டும்.

அந்தக் காலம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அணியும் பந்தயக்காரரும் பிரிகிறார்கள். டொரான்டோவின் ராய் ஹாலடே 2000ஆம் ஆண்டில் 67 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 10.64 என்ற இ.ஆர்.ஏ.வோடு முடித்தார். மேஜர் லீக் வரலாற்றில் அந்த அளவு வீசியவர்களில் அதைவிட மோசமான எண் கிடையாது. அந்தத் தடுமாற்றம் தற்செயல் அல்ல. அவருடைய பந்து நேராக, ஊகிக்கும்படி வந்துகொண்டிருந்தது. அணி அவரை விரட்டவில்லை. 2001இல் மைனர் லீகின் கீழ்ப்படிகளில் ஒன்றான டனிடினுக்கு அனுப்பி, மெல் குவீன் என்ற பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது. கையை உயர்த்தி வீசும் கோணத்தையே மாற்றினார்கள். 2003இல் அமெரிக்கன் லீகின் சை யங், 2010இல் வேறோர் அணியில் நேஷனல் லீகின் சை யங். அந்த 2010 மே மாதத்தில் ஒரு மட்டையாளரைக்கூடத் தளமேற விடாத ‘பெர்ஃபெக்ட்’ ஆட்டம் ஒன்று; அக்டோபரில், தோற்றால் வெளியேற்றம் என்ற சுற்றில், ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் இன்னொன்று. ஓர் அணி மனிதரை நம்பிக் காத்திருந்ததால் விளைந்த பலன் அது. பந்தயச் சீட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. இன்றிரவு மூன்று மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும்.

பணக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கப் பந்தயத்தில் மைனஸ் 150 என்றால் 150 டாலர் கட்டி 100 டாலர் லாபம் பெறலாம். நட்டமில்லாமல் இருக்க 60 விழுக்காடு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். எதிரணிக்கு பிளஸ் 130 என்று போட்டிருப்பார்கள். அதற்குத் தேவை 43.5 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 103.5 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த மூன்றரைதான் நிறுவனத்தின் வருமானம். பிட்சர் எழுந்தாலும் விழுந்தாலும் அது குறையாது. சம வாய்ப்புள்ள பந்தயங்களில் வழக்கமான விலை மைனஸ் 110, அங்கே 52.4 விழுக்காடு வென்றால்தான் கைப்பணம் மிஞ்சும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நல்ல பிட்சர் ஒருவரின் தொடக்கத் தடுமாற்றத்தால் விலை மைனஸ் 120-க்கு இறங்கியது என்று வைப்போம். அதற்குத் தேவையான வெற்றி 54.5 விழுக்காடு. அவருடைய அணி வெல்ல உண்மையில் 58 விழுக்காடு வாய்ப்பு உண்டென்றும், அது நமக்கு மட்டும் தெரியுமென்றும் வைப்போம். பந்தயக்காரருக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடைக்காது. அப்போதும் நூறில் 42 முறை தோற்பார். தான் வெல்வது திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்று ஓரளவு உறுதியாகப் பிரித்தறிய, இதே அளவு சாதகமான ஆட்டங்கள் சுமார் 800 தேவை. ஒரு பிட்சர் ஆண்டுக்கு 33 ஆட்டங்கள் தொடங்கினால் அதற்கு 24 ஆண்டுகள் ஆகும். பல பிட்சர்களின் ஆட்டங்களைச் சேர்த்து அந்த 800-ஐ எட்டலாம். முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து வென்றால், கட்டக்கூடிய தொகையைப் பந்தய நிறுவனங்கள் குறைத்துவிடுவதும் நடக்கிறது.

பிட்சரைச் சரியாகக் கணித்தாலும் ஆட்டம் கைகொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 1.70 என்ற இ.ஆர்.ஏ.வோடு சை யங் வாங்கினார். அவர் தொடங்கிய 32 ஆட்டங்களில் அவருடைய அணி வென்றது 14. மட்டையாளர்கள் ஓட்டம் எடுத்துத் தரவில்லை. அந்த ஆண்டில் அவரைவிடச் சிறந்த பிட்சர் அந்த லீகில் இல்லை என்று சரியாகச் சொன்னவர், ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் அணியின் மீது பணம் கட்டியிருந்தால் இழந்திருப்பார்.

சபாத்தியா தடுமாறிய 2008இல் நெவாடா தவிர மற்ற மாநிலங்களில் ஓர் ஆட்டத்தின் மீது சட்டப்படி பணம் கட்ட வழியில்லை. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கூட்டரசுத் தடையை நீக்கியது. இன்று பல மாநிலங்களில் கைப்பேசியிலேயே கட்டலாம். முழு ஆட்டம் மட்டுமல்ல, ஒரு பிட்சரின் ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை மீதும், அடுத்து வீசப்போகும் ஒற்றைப் பந்தின் மீதும்கூட. சிறிய கணக்கு தற்செயலுக்கு அடிமை என்றால், ஒற்றைப் பந்து அதன் உச்சம். கெடுதலும் அங்கேதான் நுழைந்தது. பந்தயக்காரர்களுக்குச் சாதகமாகக் குறிப்பிட்ட பந்துகளை வீசியதாக 2025 நவம்பரில் கிளீவ்லாந்து பிட்சர்கள் இருவர் மீது கூட்டரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள், இருவரும் மறுத்தார்கள். அதையடுத்து ஒற்றைப் பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வந்தது.

இதைவிட என்னை அதிகம் வருத்தியது 2025 மே மாதம் ஹூஸ்டனில் நடந்தது. காயத்தால் 2022 உலகத் தொடருக்குப் பிறகு வீசாமலே இருந்து திரும்பி வந்த லான்ஸ் மெக்கல்லர்ஸ், ஓர் ஆட்டத்தில் ஒரே ஓர் அவுட் மட்டும் எடுத்து ஏழு ஓட்டங்கள் கொடுத்தார். அன்றிரவே அவருடைய குழந்தைகளைக் கொல்வதாக மிரட்டல்கள் வந்தன. மிரட்டிய ஒருவரைக் காவல்துறை கண்டுபிடித்தது: வெளிநாட்டில், குடிபோதையில், அந்த ஆட்டத்தில் பணம் இழந்தவர். இரண்டரை ஆண்டுகள் கழித்துத் திரும்பிய கை முதல் வாரங்களில் தடுமாறும் என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதன் மீது பணம் கட்டியவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

என் முடிவு இதுதான். ஒரு பிட்சரின் தொடக்கத் தடுமாற்றம் அணிக்கும் பயிற்சியாளருக்கும் மருத்துவருக்கும் உண்மையான செய்தி. ரசிகருக்கு நல்ல புதிர். பந்தயக்காரருக்கோ அது பெரும்பாலும் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட செய்தி, சேராத மிச்சமும் ஓர் இரவில் கைக்கு வராது. பந்தயம் சட்டப்படி நடக்கும் நியூஜெர்சி போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் ஏப்ரலில் எந்தப் பெரிய பிட்சராவது தடுமாறினால் அவருடைய வேகத்தைப் பாருங்கள், வாக் எண்ணிக்கையைப் பாருங்கள், ஜூன்வரை பொறுத்திருந்து உங்கள் ஊகத்தைச் சரிபாருங்கள், பணம் கட்டாதீர்கள். வீட்டில் யாராவது இழந்ததை மீட்கத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தால், அங்கே சூதாட்டச் சிக்கலுக்கென இயங்கும் உதவி எண் 1-800-426-2537.